பூம்பாறையில் பிள்ளைகளோடு ஒரு கூடார இரவு

செப்டம்பர் 14, 2024, சனி – மதுரை

காலாண்டு விடுமுறைக்கு மலையில் கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவாகிவிட்டது. மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. கொடைக்கானலுக்கு முன்பும் போயிருக்கிறோம், ஆனால் எப்போதும் ஓட்டல் அறைதான். துணிக்கூரையின் கீழ் பிள்ளைகளைப் படுக்க வைப்பது இதுதான் முதல் தடவை.

இடம் பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில் இருக்கும் மலைக் கிராமம். கணவரோடு வேலை பார்ப்பவரின் சித்தப்பாவுக்கு அங்கே வீடும் பூண்டு விளையும் நிலமும் இருக்கிறது. வீட்டை ஒட்டிய நிலத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார். நான் இரண்டு விஷயம்தான் கேட்டேன். கூப்பிடு தூரத்தில் கழிப்பறை இருக்க வேண்டும். மழை கொட்டினால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு கூரை வேண்டும். இரண்டும் இருந்ததால்தான் சம்மதித்தேன்.

காட்டுக்குள் ஓடைக்கரையில் கூடாரம் போட்டவர்களின் படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பழனி மலையில் ஒரு பெரிய பகுதி 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், காட்டு மாடும் சிறுத்தையும் நடமாடும் இடத்தில் நாலு வயதுப் பிள்ளையைப் படுக்க வைக்க எனக்கு மனசு வராது. முதல் தடவை போகிறவர்கள் ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் போடுவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

குளிரைப் பற்றித்தான் இந்த வாரம் முழுக்கப் படித்தேன். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. மதுரை கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர். பூம்பாறை 1900 மீட்டருக்குப் பக்கம். அப்படியானால் இங்கே இரவில் 25 டிகிரி என்றால் அங்கே 13. மழை ஈரமும் காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு இன்னும் குறைவாகத் தெரியும். பிள்ளைகளின் உடம்பு சின்னது, சூடு சீக்கிரம் வெளியே போய்விடும்.

எனக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம், குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்து அதிகமாக வருகிறது. எவ்வளவு பஞ்சு வைத்த படுக்கையாக இருந்தாலும் நம் எடையில் அடிப்பக்கம் நசுங்கி, அதிலிருக்கும் காற்று போய்விடும். அந்தக் காற்றுதான் குளிரைத் தடுப்பது. அதனால் போர்வைக்குச் செலவு செய்வதற்கு முன் விரிப்புக்குச் செலவு செய்தோம். தடித்த ஃபோம் ஷீட் இரண்டு, 1100 ரூபாய். ஜமுக்காளமும் கம்பளியும் வீட்டிலேயே இருக்கின்றன. நாலு பேர் படுக்கும் கூடாரத்தைத் தங்கையின் கணவர் இரவல் கொடுத்தார். விளக்குத்தூண் பக்கம் அலைந்து பிள்ளைகளுக்குக் குரங்குக் குல்லா வாங்கினோம், ஒன்று 120 ரூபாய். மதுரை வெயிலில் நின்று கம்பளிக் குல்லாவைப் போட்டுப் பார்த்த சின்னவனைக் கடைக்காரர் அண்ணன் தன் மின்விசிறிக்கு நேராக உட்கார வைத்தார்.

செப்டம்பர் 21, சனி – மதுரை, மொட்டை மாடி

இன்று ஒத்திகை. சாயங்காலம் ஐந்தரைக்கு மொட்டை மாடியில் கூடாரத்தை விரித்தோம். சிமெண்டுத் தரையில் முளை அடிக்க முடியாது என்பதால் நாலு மூலைக்கும் தண்ணீர் நிரப்பிய குடங்களை வைத்துக் கயிற்றைக் கட்டினார் கணவர். எந்தக் கம்பி எந்த ஓட்டைக்கு என்று புரியவே முக்கால் மணி நேரம் ஆனது. கழற்றிவிட்டு மறுபடி போட்டபோது இருபது நிமிடம். மலையில் மழை மேகம் திரளும்போது இந்த வித்தியாசம் பெரியது.

பிள்ளைகளுக்கும் வேலை பிரித்துக் கொடுத்தோம். ஜிப் மூத்தவள் பொறுப்பு: யார் உள்ளே வந்தாலும் போனாலும் அவள்தான் மூடுவாள். சின்னவனுக்கு டார்ச். செருப்பை வெளியே கழற்றி, கவிழ்த்து, மேல்விரிப்பின் (கூடாரத்துக்கு மேல் கட்டும் மழைத்துணி) கீழே வைக்கப் பழக்கினோம். உள்ளே எதுவும் தின்னக் கூடாது என்பதையும் இன்றே சொல்லிவிட்டோம், ஏனென்றால் மலையில் தின்பண்ட வாசனைக்கு எலி வரும், நாய் வரும், பன்றிகூட வரும்.

எட்டரைக்குப் படுத்தோம். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. ஒன்பது மணிக்குச் சின்னவன் அழ ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் துணியில் விழுந்து ஆடியது. அதைக் காட்டி, டார்ச் அடித்து, வெளியே தூக்கிப் போய்த் தொட்டியைத் தொட்டும் பார்க்க வைத்தேன். பயம் போனது, தூக்கம் வரவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்ததில்தான் காரணம் வெளியே வந்தது: "ஃபேன் சத்தம் இல்லம்மா." பிறந்ததிலிருந்து ஃபேன் சத்தத்தில் தூங்கிய பிள்ளை! பத்தரைக்கு அவனைக் கீழே கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். மூத்தவளும் அவள் அப்பாவும் விடியும்வரை மாடியிலேயே தூங்கினார்கள்.

இதைப் பற்றி எந்தப் பட்டியலிலும் நான் படிக்கவில்லை. சாமான்களைத் தயார் செய்கிற அளவுக்குப் பிள்ளைகளையும் தயார் செய்ய வேண்டும். அடுத்த ஐந்து இரவும் ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்து, தூங்கும்போது அவனோடு மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி – மதுரை

தேர்வு முடிந்தது. மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் இருந்தால்தான் வண்டி ஏற முடியும். அதை எடுத்தாயிற்று. மலையில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது, அதனால் எவர்சில்வர் கூஜாவும் குடமும்.

துணிகளை ஆளுக்கொரு பையாகக் கட்டாமல் நேரத்துக்கொரு பையாகக் கட்டினேன். இரவுக்கான பை, காலைக்கான பை, நனைந்தால் மாற்றும் பை. இருட்டில் தேட வேண்டியதில்லை. தூங்குவதற்கு என்று ஒரு ஜோடி காலுறை, வேறு எதற்கும் அதைப் போடக் கூடாது. பருத்தி நனைந்தால் சீக்கிரம் காயாது, ஆகவே மேலே போட செயற்கை இழை, குளிருக்குக் கம்பளி. ரப்பர் வெந்நீர்ப் பை இரண்டு. தீப்பெட்டியைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினேன். பிள்ளைகள் டாக்டரிடம் போய்க் காய்ச்சல் மருந்துக்கு எடைப்படி அளவு எழுதி வாங்கினேன். வாந்தி மருந்தும் அவரே கொடுத்தார். பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குக் காரில் எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். "முக்கால் மணி நேரம். பனி இறங்கிட்டா ஒரு மணி நேரம்."

செப்டம்பர் 28, சனி – வத்தலக்குண்டு, மலைப்பாதை, பூம்பாறை

ஐந்தரைக்குக் கிளம்பினோம். வத்தலக்குண்டில் ஆளுக்கு இரண்டு இட்லி, பிள்ளைகளுக்கு எண்ணெய் இல்லாமல் இட்லிப் பொடி. இட்லி ஒன்று 10 ரூபாய், டீ 15. மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிட வேண்டும், வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது என்பது டாக்டர் சொன்னது. காமக்காபட்டி சோதனைச் சாவடியில் பாஸைப் பார்த்தார்கள், டிக்கியைத் திறந்து பாட்டில் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். குடத்தைப் பார்த்த காவலர், "எல்லாரும் இப்படி வந்தா எங்களுக்கு வேலையே இல்லைம்மா" என்றார்.

மருந்து கொடுத்தும் டம்டம் பாறைக்கு மேலே ஒரு வளைவில் மூத்தவள் வாந்தி எடுத்துவிட்டாள். ஓரமாக நிறுத்தி அவளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கேரட் மூட்டை ஏற்றி இறங்கிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப்போய் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து உப்பு நாரத்தங்காய்த் துண்டு ஒன்றைக் காகிதத்தில் வைத்து நீட்டினார். "வாயில அடக்கிக்க பாப்பா. முன்னாடி கண்ணாடி வழியா ரோட்டைப் பாத்துக்கிட்டே வா." பேர்கூடக் கேட்பதற்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அவளை முன்னிருக்கைக்கு நடுவே ரோடு தெரிகிற மாதிரி உட்கார வைத்தோம், பூம்பாறை வரை ஒன்றும் இல்லை.

வெள்ளி நீர்வீழ்ச்சியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. அங்கே ஒரு வேனில் வந்தவர்கள் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு, தின்ற சோளக் கதிர்களைப் பாறைக்கு மேல் எறிந்தார்கள். குரங்குகள் அதற்காக ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டன. பிள்ளைகள் பயந்து காருக்குள் ஏறிவிட்டார்கள். வெந்த சோளம் 40 ரூபாய் கொடுத்து வாங்கியதை உள்ளேயே உட்கார்ந்து தின்றோம்.

மதியம் பன்னிரண்டரைக்குப் பூம்பாறை. சாலை வளைவிலிருந்து பார்த்தால் கீழே ஊர் முழுவதும் தெரிகிறது, சுற்றிலும் படிப்படியாக வெட்டிய வயல்கள். பூண்டு, கேரட், பீன்ஸ், உருளை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியவர் வீட்டு அடுப்புக்கு மேலே தாளோடு கட்டிய பூண்டுக் கொத்துகள் புகை படிந்து தொங்கின.

கூடாரத்துக்கு நாங்கள் தேர்ந்தெடுக்க நினைத்தது வயல் வரப்பின் கீழே காற்றுப்படாத மூலை. பெரியவர் வந்து பார்த்தார், குனிந்து மண்ணை அழுத்திக் காட்டினார். மேல் வயலில் பெய்கிற மழை அந்த வரப்பு வழியாகக் கசிந்து இறங்கும், நடு இரவில் கீழே ஊற்றெடுக்கும் என்றார். வீட்டுச் சுவரிலிருந்து இருபதடி தள்ளி, கொஞ்சம் மேடான புல்தரையைக் காட்டினார். அங்கே போட்டோம். அடிவிரிப்புத் தார்ப்பாயின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டினால் மழைத்தண்ணீரை வாங்கி அடியில் சேர்க்கும், ஆகவே நாலு பக்கமும் உள்ளே மடித்துவிட்டோம். முளையைச் சாய்வாக அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவர் உள்ளே எட்டிப் பார்த்ததும் ஜிப் பொறுப்பாளரான மூத்தவள் செருப்பைக் கழற்றச் சொன்னாள், அவரும் கழற்றினார்.

இரண்டரைக்கு மழை வந்தது. நாலரைக்கு நின்றது. மூடுபனி இறங்கி வீடே மறைந்தது.

சமையலை வீட்டுத் திண்ணைக்கு வெளியே, கூடாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி வைத்துக்கொண்டேன். கூடாரத் துணி ஒரு பொறி பட்டால் உருகி ஒட்டும். குளிருகிறதே என்று கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ உள்ளே வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்ஸைடு மணமில்லாமல் ஆளைக் கொன்றுவிடும். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. கொதிப்பது தெரியும், பருப்பு சீக்கிரம் வேகாது. அதனால் குக்கர்தான். லைட்டர் ஈரத்தில் பற்றவில்லை, டப்பாவில் இருந்த தீப்பெட்டி கைகொடுத்தது. சாதம், ரசம், அப்பளம். புதுச் சாப்பாடு எதையும் முயலவில்லை. வீட்டில் சாப்பிடுவதையே மலையிலும் கொடுத்தால் பிள்ளை அடம்பிடிக்காமல் சாப்பிடும். வீட்டு அம்மா ஒரு தூக்கில் பூண்டுப் பால் கொண்டுவந்தார். "ஏத்தா, பிள்ளைகளுக்குக் காது மூடலையா?" என்று முதலில் குல்லாவை இழுத்துவிட்டுத்தான் பாலை ஊற்றினார். பிள்ளைகள் அப்போதே அவரை அப்பத்தா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இரவில் இங்கே பயமில்லையா என்று சின்னவன் பெரியவரிடம் கேட்டான். அதற்கு அவர் ஊர்க் கோயில் கதையைச் சொன்னார். அருணகிரிநாதர் இந்த ஊருக்கு வந்து இரவில் தூங்கியபோது ஒரு ராட்சசி கொல்ல வந்தாளாம். முருகன் சின்னப் பிள்ளையாக மாறி அவர் மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் போல என்று நினைத்து ராட்சசி போய்விட்டாள். அதனால்தான் இங்கே சாமிக்குக் குழந்தை வேலப்பர் என்று பெயர். "பிள்ளை பக்கத்துல இருந்தா பெரியவங்களுக்கே பயம் கிடையாது சாமி. நீ உங்கப்பாவைப் பாத்துக்க." அன்றிரவு அவன் அப்பாவின் நெஞ்சு மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் படுத்தான்.

செப்டம்பர் 28, இரவு

எட்டு மணிக்கு உள்ளே போனோம். வெந்நீர்ப் பைகளைத் துண்டில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தேன். காட்டு மாடு கேரட்டுக்கு வருவதுண்டு, வேலி இருக்கிறது, ஆனாலும் பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டால் லைட் அடிக்காமல், வெளியே வராமல், தனக்குப் போன் செய்யச் சொல்லியிருந்தார் பெரியவர். ஒன்றும் வரவில்லை.

ஒன்பதுக்கு மறுபடி மழை. மேல்விரிப்பில் விழுந்த அந்த ஒரே சீரான சத்தத்தில் சின்னவன் இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டான். "ஃபேன் போட்டாச்சாம்மா?" என்பதுதான் கடைசியாகச் சொன்னது. அவனுக்காக நான் ஒரு வாரம் பட்ட கவலையை வானம் தீர்த்துவைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பதினொன்றரைக்குக் காற்று அடித்து மேல்விரிப்பின் கயிற்று வளையம் ஒன்று பிய்ந்துவிட்டது. என் தலைப்பக்க மூலையில் தண்ணீர் இறங்கியது. கணவர் வெளியே போவதற்குள் வீட்டில் விளக்கு எரிந்தது. பெரியவர் தார்ப்பாயைத் தோளில் போட்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். எங்கள் சத்தம் கேட்டு வரவில்லை, காற்று திரும்பியதைக் கேட்டு வந்திருக்கிறார். இரண்டு பேருமாகத் தார்ப்பாயை மேலே இழுத்துக் கல் வைத்துக் கட்டினார்கள். வீட்டுக்குள் வந்துவிடுங்கள் என்றார். பிள்ளைகள் காய்ந்த இடத்தில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள், எழுப்ப மனமில்லை. என் தலையணையை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு மூத்தவள் எழுந்தாள், சிறுநீர். மூடி போட்ட வாளி வாசலிலேயே இருந்தது. மழைக்கோட்டுக்குள் ஐந்து நிமிட வேலை. ஜிப்பை அவளே மூடினாள். கூடாரத்தின் காற்று ஜன்னலை விரற்கடை அளவு திறந்து வைத்திருந்தும் உள் துணியெல்லாம் வியர்த்திருந்தது. நாலு பேர் மூச்சின் ஈரம் அது. அதில் உரசாதபடி பிள்ளைகளை நடுவிலும் நாங்கள் ஓரத்திலுமாகப் படுத்திருந்தோம்.

கீழே ஃபோம், அதற்கு மேல் ஜமுக்காளம், அதற்கு மேல் கம்பளி. முதுகில் குளிர் ஏறவே இல்லை. மூக்கு நுனிதான் விறைத்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு – பூம்பாறை, மன்னவனூர்

ஆறு மணிக்கு என் தெர்மாமீட்டரில் வெளியே 12 டிகிரி. வெயில் ஏழேகாலுக்கு மலையைத் தாண்டியது. கோதுமை ரவை உப்புமாவில் அப்பத்தா பறித்துக் கொடுத்த பட்டாணி. காரின் மேல் வைத்த பன் பாக்கெட்டை ஒரு நாய் தூக்கிக்கொண்டு வயல் வழியாக ஓடியது, பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இந்தப் பயணத்தில் இல்லை.

குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு மன்னவனூர் போனோம். அங்கே மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகள் புல்வெளி முழுக்க மேய்ந்தன. பணியாளர் ஒருவர் மூத்தவளின் கையை ஆட்டின் முதுகுக்குள் விடச் சொன்னார். மேல் மயிர் மழையில் நனைந்து சில்லென்று இருந்தது, உள்ளே வெதுவெதுப்பு. கம்பளி ஈரமானாலும் சூட்டை விடாது என்று வீட்டில் எத்தனையோ முறை சொன்னேன், இப்போதுதான் நம்பினாள். "ஆட்டுக்கு ஸ்வெட்டர் வேண்டாம்" என்று திரும்பி வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏரிப்பக்கக் கடையில் பிரெட் ஆம்லெட் 70 ரூபாய். மழை தூறியதும் கடைக்கார அக்கா பிள்ளைகளை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, பெரியவர்கள் எங்களை நிற்க வைத்தார்.

அன்றிரவும் கூடாரம்தான். மழை இல்லை, எனவே சின்னவன் தூங்க நேரம் ஆனது. அப்பத்தா வெளியே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், அது போதுமானதாக இருந்தது.

செப்டம்பர் 30, திங்கள் – இறக்கம்

பணம் கொடுத்ததற்குப் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. பூண்டு மட்டும் விலைக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னார், கிலோ 500. இரண்டு கிலோ வாங்கினோம், அவர் போட்டது அரைக் கிலோ கூடுதலாகத்தான் இருக்கும். தார்ப்பாயை வைத்துக்கொள்ளச் சொன்னதை நாங்கள் ஏற்கவில்லை, அது அவருக்கு வயல் வேலைக்கு வேண்டும்.

வத்தலக்குண்டில் இறங்கி டீ குடிக்கும்போது ஸ்வெட்டரெல்லாம் மடிக்கு வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து கணவரும் நானும் பட்டியலைத் திருத்தினோம். தொடாமல் திரும்பி வந்தவை: மடக்கு நாற்காலிகள், விளையாட்டுச் சாமான் பை, மூன்றாவது பாத்திரம். போதாமல் போனவை: கயிறு, துண்டு, பழைய செய்தித்தாள். நனைந்த ஷூவுக்குள் திணிக்கச் செய்தித்தாளைப் போல எதுவும் இல்லை. பிய்ந்த வளையத்தைத் தையல்காரரிடம் கொடுத்து இரட்டைத் தையல் போட்டுத்தான் கூடாரத்தைத் தங்கை வீட்டுக்குத் திருப்பித் தர வேண்டும். அதற்கு முன் இரண்டு நாள் விரித்துக் காய வைக்க வேண்டும், மடிப்புக்குள் கொஞ்சம் ஈரம் நின்றாலும் பூஞ்சை பிடித்துத் துணி வீணாகிவிடும். பிப்ரவரியில் மறுபடி போக இப்போதே கேட்டிருக்கிறேன். அப்போது மழை இருக்காது, பனி இருக்கும். கம்பளி இன்னும் இரண்டு வேண்டும்.